இரவுக் காவலுக்கு ஒரு சிக்கனக் கருவி

நிலக்கடலை காய் முற்றும் பருவத்திலும், மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் பருவத்திலும் சிறு விவசாயிக்கு உறக்கம் கிடையாது. பகல் முழுவதும் வயலில் பாடுபட்டுவிட்டு, இரவில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு காவலுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கண் அசந்தால் காட்டுப் பன்றிகள் பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போகின்றன. ஆடு, கோழி வளர்ப்போருக்குத் தெருநாய்த் தொல்லையும் திருட்டுப் பயமும் உண்டு. பட்டிக்குள் புகுந்த நாய்கள் ஒரே இரவில் பல ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டால், ஓர் ஆண்டு உழைப்பு வீணாகிவிடுகிறது.

இந்தத் தொல்லை தாங்காமல் சிலர் வீட்டு மின்சாரத்தைக் கம்பி வேலியில் பாய்ச்சிவிடுகிறார்கள். இது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. வேலி போட்டவரும் அவர் குடும்பத்தாருமே இருட்டில் தவறிக் கம்பியைத் தொட்டு இறக்கும் சம்பவங்களும் நடக்கின்றன. பயிரைக் காக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஆள் அல்லது விலங்கு நடமாடுவதை அறிந்து ஒலி எழுப்பவும் விளக்கைப் போடவும் கூடிய சிறு கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. இவற்றை 'மோஷன் சென்சார்' என்று கூறுகிறார்கள். தீப்பெட்டியைவிடச் சிறியவை, விலையும் ஏறத்தாழ நூறு ரூபாய் அளவில்தான். மின் இணைப்பு இல்லாத இடத்திலும் பாட்டரியைக் கொண்டே பல மாதங்கள் இயக்கலாம். ஆனால் இவற்றின் இயல்பையும் எல்லையையும் அறிந்து வைத்தால்தான் பலன் கிடைக்கும்.

வேலை செய்யும் விதம்

உயிருள்ள வெப்ப உடல் ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அடுப்பின் அருகே நின்றால் முகத்தில் சூடு உறைப்பது இந்தக் கதிரால்தான். மனிதன், ஆடு, மாடு, நாய், பன்றி எல்லாமே இலேசான அடுப்புகளைப் போன்றவை. சென்சாரின் உள்ளே இரண்டு சிறு உணர் பகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வெப்ப உடல் ஒன்று குறுக்கே நகரும்போது கதிர் முதலில் ஒரு பகுதியிலும் பிறகு மறு பகுதியிலும் படுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டு கருவி சைகை கொடுக்கிறது. மேலே கவிழ்த்திருக்கும் வெள்ளைக் குமிழ் வெறும் மூடியன்று. கதிரைக் குவித்துக் கொடுக்கும் லென்ஸ் ஆகும். அதைக் கழற்றிவிட்டு இயக்கினால் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதிலிருந்து விவசாயி நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, அசையாமல் நிற்கும் உருவத்தை இக்கருவி அறியாது, நகர்ந்தால்தான் அறியும். இரண்டாவது, கருவியை நோக்கி நேராக வருவதைக் காட்டிலும் குறுக்கே கடப்பதை நன்றாக அறியும். மூன்றாவது, சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடலைத்தான் நன்றாக அறியும். பாம்பின் உடல் சூடு சுற்றுப்புறத்தை ஒத்திருப்பதால், பாம்பு வருவதை இக்கருவி சொல்லும் என்று நம்பி இருட்டில் நடக்கக் கூடாது. டார்ச் விளக்கும் தடியும் எப்போதும் போல் வேண்டும்.

இக்கருவி தானாக எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. வருவதை வாங்கிக்கொள்வதோடு சரி. அதனால்தான் மிகக் குறைந்த மின்சாரத்தில் இது இரவு பகலாக விழித்திருக்க முடிகிறது.

எந்த வகை வாங்குவது?

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகைகள் கிடைக்கின்றன.

ஏ.எம். 312: சுண்டு விரல் நுனி அளவே உள்ளது. 2.7 வோல்ட் முதல் 12 வோல்ட் வரை இயங்கும். விழித்திருக்க 0.1 மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும். 3 முதல் 5 மீட்டர் வரை அறியும். ஒவ்வொரு முறையும் சுமார் 2 வினாடி சைகை கொடுக்கும். இந்த நேரத்தை மாற்ற முடியாது.

ஹெச்.சி.-எஸ்.ஆர். 501: சற்றுப் பெரியது. 5 வோல்ட் முதல் 20 வோல்ட் வரை கொடுக்கலாம். விழித்திருக்கச் சுமார் 0.065 மில்லி ஆம்பியர் போதும். 3 முதல் 7 மீட்டர் வரை அறியும். தூரத்தை மாற்ற ஒன்றும், சைகை நிற்கும் நேரத்தைச் சில வினாடி முதல் சில நிமிடம் வரை மாற்ற மற்றொன்றுமாக இரண்டு திருகுகள் இதில் உள்ளன. பகலில் வேலை செய்யாமல் தடுக்க, வெளிச்சத்தை உணரும் 'எல்.டி.ஆர்.' என்ற சிறு பாகத்தைப் பற்றவைக்கவும் இதன் பலகையில் இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆர்.சி.டபிள்யூ.எல். 0516: இது வேறு இனம். ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையைக் கொண்டு அசைவை அறிகிறது. சுமார் 3 மில்லி ஆம்பியர் எடுக்கும். அதாவது முதல் வகையைப்போல் 30 மடங்கு. மெல்லிய சுவருக்கு அப்பால் உள்ள அசைவையும் ஆடும் கிளையையும்கூட ஆள் என்று எண்ணிக்கொள்ளும். பாட்டரியில் இயக்கவும், திறந்த வெளியில் வைக்கவும் இது ஏற்றதன்று.

ஆகவே, கொட்டகைக் காவலுக்கு முதல் வகையும், விளக்குப் போடுவதற்கு இரண்டாம் வகையும் பொருத்தமானவை.

ஆட்டுக் கொட்டகைக்கு மணி

வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கொட்டகை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொட்டகை வாசலில் நடமாட்டம் ஏற்பட்டால் வீட்டுத் திண்ணையில் மணி ஒலிக்க வேண்டும்.

தேவையான பொருள்கள்: ஏ.எம். 312 சென்சார் 1. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் ஆல்கலைன் செல் 3, செல் போடும் பெட்டி 1, பி.சி. 547 டிரான்சிஸ்டர் 1. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1. 100 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் 1. 3 முதல் 24 வோல்ட் வரை இயங்கும் பஸ்ஸர் 1. இரட்டை ஒயர் தேவையான நீளம். சென்னை ரிச்சி தெருவிலும், மற்ற நகரங்களில் எலக்ட்ரானிக் உதிரிப் பாகம் விற்கும் கடைகளிலும் இவை கிடைக்கும். பற்றவைக்கப் பழகாதவர்கள், உள்ளூரில் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடித்துத் தருவார்.

இணைக்கும் முறை: சென்சாரில் மூன்று கால்கள் உண்டு. எது பிளஸ், எது மைனஸ், எது வெளியீடு என்பதைப் பலகையில் உள்ள குறியைப் பார்த்து அறிய வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கருவி கெட்டுவிடும். செல் பெட்டியின் பிளஸ், மைனஸ் ஒயர்களைச் சென்சாரின் பிளஸ், மைனஸ் கால்களுடன் சேர்க்கவும். அதே இரு கால்களுக்குக் குறுக்கே கெபாசிட்டரைப் பொருத்தவும். இது இல்லாவிட்டால், பஸ்ஸர் ஒலிக்கும்போது ஏற்படும் மின் அதிர்வையே சைகை என்று கொண்டு கருவி ஓயாமல் கத்தக்கூடும். கெபாசிட்டருக்கும் பிளஸ், மைனஸ் உண்டு; கோடு போட்ட பக்கம் மைனஸ்.

அடுத்து டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தைத் தம் பக்கம் வைத்து, கால்கள் கீழ்நோக்கி இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். சென்சாரின் வெளியீட்டுக் காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாக நடுக்காலான பேஸுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். எமிட்டர் செல் பெட்டியின் மைனஸுடன் சேர வேண்டும். பஸ்ஸரின் சிவப்பு ஒயர் செல் பெட்டியின் பிளஸுடனும், கறுப்பு ஒயர் கலெக்டருடனும் சேர வேண்டும். பஸ்ஸரைத் திண்ணையில் வைத்து இந்த இரண்டு ஒயர்களை மட்டும் நீட்டிக்கொண்டால் போதும். பஸ்ஸர் எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால் மெல்லிய ஒயரே போதுமானது.

செல் போட்டவுடன் சுமார் ஒரு நிமிடம் கருவி தன்னைப் பக்குவப்படுத்திக்கொள்ளும். அப்போது தாறுமாறாக ஒலித்தால் பழுது என்று எண்ண வேண்டாம். விலகி நின்று, ஒரு நிமிடம் கழித்து வாசலின் குறுக்கே நடந்து சோதிக்கவும்.

செல் எத்தனை நாள் வரும்?

சென்சார் 0.1 மில்லி ஆம்பியர் எடுப்பதாகவே கூட்டி வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 2.4 மில்லி ஆம்பியர்-மணி ஆகிறது. பஸ்ஸர் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்றும், நாள் ஒன்றுக்கு 50 முறை, ஒவ்வொரு முறையும் 2 வினாடி ஒலிக்கும் என்றும் கொண்டால், அது 0.6 மில்லி ஆம்பியர்-மணிக்குள் அடங்கிவிடும். ஆக நாள் ஒன்றுக்கு 3. ஆல்கலைன் செல்லில் சுமார் 2,000 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். வகுத்துப் பார்த்தால் 660 நாட்களுக்கு மேல் வருகிறது. வெயிலிலும் ஈரத்திலும் செல் தானாகக் கொஞ்சம் இழக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்குப் பொங்கல், மூன்று செல்களையும் ஒன்றாக மாற்றிவிட்டால் பயமில்லை. பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடக் கூடாது.

மின்சாரத்தை விழுங்கும் பாகங்கள்

இந்தச் சிக்கனத்தைப் பலர் தம்மை அறியாமலே பாழாக்கிவிடுகிறார்கள். குறைந்த மின்சாரம் எடுக்கும் சென்சாரை வாங்கிவிட்டு, அதனுடன் ஓயாமல் மின்சாரம் குடிக்கும் பாகங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு, 'இரண்டே நாளில் பாட்டரி தீர்ந்துவிட்டது, கருவி சரியில்லை' என்கிறார்கள். கருவியில் குறை இல்லை. கூட்டுச் சேர்ந்ததில்தான் குறை.

படிக்கும் பிள்ளைகள் பள்ளிச் செய்முறைக்குப் பயன்படுத்தும் 'ஆர்டுயினோ ஊனோ' பலகை சும்மா இருக்கும்போதே சுமார் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். மேலே சொன்ன மூன்று செல்களில் உள்ள அளவு அதற்கு இரண்டு நாள் கூடத் தாங்காது. மணி அடிக்கவும் விளக்குப் போடவும் இந்தப் பலகை தேவையே இல்லை.

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கச் சிலர் 7805 என்ற பாகத்தைப் போடுகிறார்கள். அது சும்மா இருந்தே சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஹெச்.சி.-எஸ்.ஆர். 501 கருவிக்கு 12 வோல்ட்டை நேராகவே கொடுக்கலாம் என்பதால் இது வீண்.

பலகைகளில் 'மின்சாரம் இருக்கிறது' என்று காட்ட எரியும் சிறு சிவப்பு விளக்கு சில மில்லி ஆம்பியர் எடுக்கும். அது காவல்காரனைவிடப் பல மடங்கு அதிகம் சாப்பிடும் விருந்தாளி. அத்தகைய விளக்கு இருந்தால் பிரித்துவிடலாம்.

ரிலே என்னும் காந்தச் சுவிட்சும் இழுத்துப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுக்கும். சிறிய விளக்குக்கும் மணிக்கும் டிரான்சிஸ்டரே போதும்.

வயலுக்குத் தானியங்கி விளக்கு

வயலில் இரவு முழுவதும் 12 வோல்ட், 3 வாட் எல்.இ.டி. விளக்கை எரியவிட்டால் மணிக்கு 250 மில்லி ஆம்பியர் வீதம் 12 மணி நேரத்தில் 3 ஆம்பியர்-மணி செலவாகும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே ஓர் இரவுக்குத்தான் அது காணும்.

அதே விளக்கைச் சென்சார் மூலம் இயக்கினால் கணக்கு மாறுகிறது. இரவில் 30 முறை, ஒவ்வொரு முறையும் 1 நிமிடம் எரிந்தாலும் மொத்தம் அரை மணி நேரமே. செலவு 125 மில்லி ஆம்பியர்-மணி. அதே பாதிப் பாட்டரி 27 இரவுகள் வரும். சென்சார் தன் பங்குக்கு ஒரு மாதம் முழுவதும் எடுப்பது 50 மில்லி ஆம்பியர்-மணிக்கும் குறைவு. பாட்டரியைச் சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்கு இதைவிட அதிகமாக இழந்துவிடும்.

இதற்கு ஹெச்.சி.-எஸ்.ஆர். 501 சென்சாரும், டி.ஐ.பி. 122 டிரான்சிஸ்டரும், 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போதும். இணைப்பு முறை முன்பு சொன்னதே. பஸ்ஸருக்குப் பதில் விளக்கு. இந்த டிரான்சிஸ்டரில் எழுத்துள்ள முகத்தைப் பார்த்தால் இடமிருந்து பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று வரும். இதன் உலோக முதுகும் கலெக்டரே ஆதலால் வேறு கம்பி அதில் படக் கூடாது. பாட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி 1 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம் போட வேண்டும். ஒயர் எங்காவது உரசி ஒன்றுபட்டால் தீப்பிடிக்காமல் அது காக்கும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் செய்துகொள்ளலாம். அல்லது 5 வாட் சூரிய ஒளித் தகடு வைக்கலாம். நல்ல வெயில் நாளில் அது சுமார் 1 ஆம்பியர்-மணி கொடுக்கும். தகட்டுடன் வைக்கும் சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் சில, தாமே 10 மில்லி ஆம்பியர் வரை எடுப்பவை. நாளுக்கு 240 மில்லி ஆம்பியர்-மணி. விளக்கின் செலவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! வாங்கும்போதே இதைக் கேட்டு, குறைவாக எடுப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வைக்கும் இடமே முக்கியம்

ஒரு ஏக்கர் வயலின் சுற்றளவு, சதுரமாக இருந்தாலும், 250 மீட்டருக்கு மேல் வரும். 6 மீட்டர் தூரம் அறியும் கருவி சுமார் 9 மீட்டர் அகலத்தைத்தான் காக்கும். வயலைச் சுற்றிலும் காவல் வைக்க வேண்டுமானால் 25 கருவிகளுக்கு மேல் தேவைப்படும். அது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே முதலில் வேலியைச் சுற்றி வந்து, கால் தடம் பார்த்து, பன்றி நுழையும் வழிகளைக் கண்டறிய வேண்டும். உயிர்வேலியால் மற்ற இடங்களை அடைத்து, எஞ்சிய ஒன்றிரண்டு வழிகளில் கருவியை வைப்பதே அறிவுடைமை.

பன்றி, நாய் ஆகியவற்றுக்குத் தரையிலிருந்து முக்கால் மீட்டர் முதல் 1 மீட்டர் உயரத்தில், தடத்தைக் குறுக்காகப் பார்க்கும்படி வைக்கவும். ஆள் நடமாட்டம் அறிய 2 மீட்டர் உயரம் ஏற்றது.

கொட்டகையில் கருவி உட்புறம் நோக்கி இருக்கக் கூடாது. ஆடுகள் புரண்டு படுத்தாலே மணி அடிக்கும். வெளிப்புறத்தில், வாசலின் குறுக்கே பார்க்கும்படி வைக்கவும். பார்வை அகலமாக இருந்தால், ஒரு சாண் நீளப் பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் கருவியைப் பொருத்தினால் பார்வை குறுகிவிடும்.

வெயில் நேராக முகத்தில் படும் இடமும், தகரக் கூரையை நோக்கிய இடமும் ஆகாதவை. சூடேறிய இலைகள் காற்றில் ஆடினாலும் பொய் மணி அடிக்கும். எதிரே உள்ள கிளைகளை வெட்டிவிட வேண்டும். செல்போனைக் கருவியை ஒட்டி வைப்பதையும் தவிர்க்கவும்.

மழைக்குக் காப்பாக முன்னால் கண்ணாடி வைக்கவே கூடாது. அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியை ஊடுருவாது, கருவி குருடாகிவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் துளையிட்டு லென்ஸ் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, சுற்றிலும் எம்-சீல் பூசி அடைக்கவும். எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறாமலும் இது தடுக்கும்.

எதிர்பார்க்கக் கூடாதவை

சித்திரை, வைகாசியில் காற்றின் சூடு உடல் சூட்டை நெருங்கும் நேரங்களில் கருவி அறியும் தூரம் குறையும். நடுப்பகல் காவலுக்கு இதை நம்ப வேண்டாம். எலி போன்ற சிறு பிராணிகள் மிக அருகில் வந்தால்தான் அறியும். ஒரே ஒலி, ஒரே விளக்கு என்றால் பன்றிகள் நாளடைவில் பழகிவிடும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை விளக்கின் இடத்தை மாற்றவும். விளக்கோ மணியோ விலங்கைத் தடுத்து நிறுத்தும் சுவரன்று. ஆளை எழுப்பும் துணையே ஆகும்.

இக்கருவிகளைக் கொண்டு 230 வோல்ட் மின்சாரத்தை இயக்கவோ, வேலியுடன் எவ்விதத்திலும் இணைக்கவோ கூடாது. 12 வோல்ட்டுக்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை.

வாரம் ஒருமுறை, மாலையில் வீடு திரும்பும்போது கருவியின் முன் ஒருமுறை குறுக்கே நடந்து பார்க்கவும். மணி அடித்தால் காவல் இருக்கிறது. அடிக்காவிட்டால், அன்றிரவு நம்பித் தூங்கிவிடாமல், செல்லையும் ஒயரையும் சரிபார்க்க வேண்டும். கெட்டுப்போன கருவி, கருவி இல்லாததைவிட ஆபத்தானது.

ஒரு கொட்டகைக்கு ஒரு கருவி என்று சிறிதாகத் தொடங்கி, ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்குவது நல்லது. இரவில் நான்கு மணி நேர நிம்மதியான உறக்கம் கிடைத்தாலும், மறுநாள் ஏர் பிடிக்கும் கைக்கு அது பெரும் பலமாகும்.